காந்தப் பண்பு கிட்: 850 ரூபாய்க்குத் தகுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லேப் சாமான் கடை ஒன்றில் கிடைக்கும் இந்த கிட், பிளஸ் டூ வேதியியலின் இடைநிலைத் தனிமப் பாடத்துக்கானது. ஒரு உப்பைக் காந்தம் எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தராசு எண்ணில் பார்ப்பதுதான் சோதனை. உள்ளே 20 மி.மீ. நியோடைமியம் வட்டுக் காந்தம், சின்னச் சின்னப் பாட்டில்களில் ஐந்து உப்புகள், ஒரு பக்கச் செய்முறைத் தாள். தராசு கிடையாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு தனியாக வாங்க வேண்டும்.

உப்புகளைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஜோடி சேராத எலக்ட்ரான் இருக்கும் உப்பைத்தான் காந்தம் இழுக்கும். மாங்கனீசு சல்பேட்டில் ஐந்து 3டி எலக்ட்ரானும் (உலோக அயனியின் 3டி துணைக்கூட்டில் இருப்பவை) தனித்தனியே நிற்கும். காப்பர் சல்பேட்டில் ஒன்றுதான் தனி. ஜிங்க் சல்பேட்டில் பத்தும் ஜோடி. கணக்குப்படி காந்தத் திருப்புத்திறன் (ஒரு அயனியின் காந்த வலிமை) 5.92, 1.73, 0 போர் மேக்னட்டான் (அதை அளக்கும் அலகு). ஆனால் கிட்டின் உயிர் அந்த மஞ்சள் பாட்டில், பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. பெர்ரஸ் சல்பேட்டிலும் இதிலும் அதே இரும்பு 2+, அதே ஆறு டி எலக்ட்ரான். முன்னதில் நான்கு தனித்து நிற்பதால் தராசு எண் நகரும். பின்னதில் சயனைடு ஆறையும் ஜோடி சேர்த்துவிடும், எண் அசையாது. (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமிலமும் சூடும் படாமல் வைத்தால் போதும்.)

சொதப்பல் எல்லாம் செய்முறைத் தாளில். காந்தத்தை நேரே தராசுத் தட்டில் வைக்கச் சொல்கிறது. தராசுக்குள் இருக்கும் இரும்பைக் காந்தம் இழுத்து எண் தாறுமாறாக ஓடும். நடுவே 10 செ.மீ. தெர்மாகோல் கட்டை வையுங்கள். டேர் (எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்தி, உப்பு நிரப்பிய பிளாஸ்டிக் மூடியை மரச் சட்டத்தில் மாட்டி, காந்தத்துக்கு 2 மி.மீ. மேலே வரை இறக்குங்கள். ஈர்ப்பு இருந்தால் எண் மைனஸில் போகும். கையில் பிடித்தால் இடைவெளி ஆடும், எண்ணும் ஆடும்.

அடுத்து, ‘ஒவ்வொன்றிலும் 2 கிராம்’ என்கிறார்கள். காப்பர் சல்பேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்! மோல் கணக்கில், அதாவது உலோக அயனிகளின் எண்ணிக்கை சமமாக வரும்படி எடுங்கள்: ஒரு தண்ணீர் மூலக்கூறுள்ள மாங்கனீசு சல்பேட் 1.69 கிராம், நீலக் காப்பர் சல்பேட் 2.50 கிராம். ஈர்ப்பு திருப்புத்திறனின் வர்க்கத்தைப் பொறுத்தது, அப்போதுதான் 35-க்கு 3 (5.92, 1.73 இரண்டின் வர்க்கங்கள்) என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். சம எடை போட்டால் மாங்கனீசு கிட்டத்தட்ட 17 மடங்கு என்று ஏமாற்றும்.

ஜிங்க் உப்பு காந்தத்தை விட்டு விலகுவது தெரியும் என்று தாள் சொல்வதும் தப்பு. விலகல் உண்டு, 0.01 கிராம் தராசுக்குப் பிடிபடாது.

வாங்கும்போது பெர்ரஸ் பாட்டிலை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் இரும்பு 3+ கலந்துவிட்டது, மாற்றித் தரச் சொல்லுங்கள். தராசு கையில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், அந்தத் தாளை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு.