மீன்குளத்தில் "தவளை ஒழிப்பு மருந்து" ஊற்ற வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்: ஒரு பில்லின் கதை

கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறக் குளம். சிமென்ட் தொட்டி, 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,200 லிட்டர். பதினொரு கோயி (வண்ண அலங்காரக் கெண்டை மீன்), கொஞ்சம் தங்கமீன், இரண்டு தொட்டியில் அல்லி. அக்டோபர் மழை தொடங்கியதும் இரவெல்லாம் தவளைச் சத்தம், ஒரு வாரத்தில் தண்ணீர் முழுக்கக் கறுப்புத் தலைப்பிரட்டை. வீட்டுக்கார அம்மா பூச்சி ஒழிப்பு செய்கிற ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "தவளை இருந்தா பாம்பு வந்துருமுங்கம்மா, குழந்தைக இருக்கற வீடு." அதற்குப் பிறகு அவர் எதை விற்றாலும் வாங்கிவிடுவார்கள். வாங்கினார்கள்.

பில் இது. குளம் பார்வையிட 500. தவளை ஒழிப்பு மருந்து 4,800. மீயொலிக் கருவி, அதாவது மனிதர் காதுக்குக் கேட்காத சத்தத்தால் தவளையை விரட்டும் என்று விற்கிற பெட்டி, 3,500. தலைப்பிரட்டை தின்னும் மீன் 20 குஞ்சு 1,600. குளம் கழுவித் தண்ணீர் மாற்ற 2,500. ஆண்டுப் பராமரிப்பு முன்பணம் 6,000. மொத்தம் 18,900 ரூபாய். முடிவில் பதினொரு கோயியும் செத்தன. மூன்று வாரத்தில் அடுத்த மழைக்குத் தவளைகள் திரும்ப வந்தன. இதே பேச்சோடு இன்னும் பல வீடுகளுக்கு ஆட்கள் வருவார்கள் என்பதால் இந்தப் பில்லை வரிவரியாகப் பிரித்து எழுதுகிறோம்.

முதலில் அந்த 4,800 ரூபாய் மருந்து. என்ன மருந்து என்று பில்லில் இல்லை. குளத்தில் போட்டது நீலப் படிகம். அரைக் கிலோ பொட்டலத்தில் மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார், எடை போட்டால் 400 கிராம். மயில்துத்தம்தான், அதாவது காப்பர் சல்ஃபேட். 100 கிராம் உள்ளே போயிருக்கிறது. 4,200 லிட்டருக்கு 100 கிராம் என்றால் லிட்டருக்கு 24 மில்லிகிராம்.

மயில்துத்தத்தைப் பாசிக்காகக் குளங்களில் போடுவது உண்டு. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: தண்ணீரின் காரத்தன்மை (ஆல்கலினிட்டி) லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சோதித்து, அதை நூறால் வகுக்க வேண்டும். காரத்தன்மை 100 இருந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம், இந்தக் குளத்துக்கு நாலு கிராம் சொச்சம். காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது, ஏனென்றால் மென்னீரில் தாமிரத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, அப்படியே மீனின் செவுளில் போய் உட்காரும். சிறுவாணித் தண்ணீர் அப்படிப்பட்ட மென்னீர். குடிக்க ருசி, தாமிரத்துக்கு மோசம். இந்தக் குளத்தில் நிரப்பியிருந்ததும் அதுதான், சோதித்தபோது காரத்தன்மை 40 காட்டியது. ஒரு கிராம்கூடப் போடக்கூடாத தண்ணீரில் 100 கிராம் போட்டிருக்கிறார்.

இதில் அளவைக் குறைத்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. தலைப்பிரட்டையும் செவுளால் மூச்சு விடுகிறது, மீனும் செவுளால் மூச்சு விடுகிறது. ஒன்றைக் கொன்று மற்றதை விட்டுவைக்கிற மருந்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மயில்துத்தம், பிளீச்சிங் பவுடர், பினாயில், சுண்ணாம்பு எதுவானாலும் இதே கதைதான். கல்லுப்பை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது வீட்டிலேயே இருப்பதால் பலரும் துணிந்து கொட்டுகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ வரை கோயி கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் அந்த அளவிலேயே அல்லி இலை கருகத் தொடங்கும். அதற்கு மேல் போனால் மீனுக்கும் கேடு.

மருந்து ஊற்றியதற்கு மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. போனில் கேட்டதற்கு "ஆக்சிஜன் குறைவுங்க, மோட்டார் போடுங்க" என்றாராம். இந்தப் பதிலை எல்லோரும் சொல்வார்கள், அதனால் வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறைவு விடியற்காலையில் மோசமாக இருக்கும், பெரிய மீன் முதலில் சாகும், ஏரேட்டரை (தண்ணீருக்குள் காற்று ஊதும் கருவி) ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் தெளிவு தெரியும். விஷமானால் ஏரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிசு சிறிசு எல்லாம் சேர்ந்து திணறும், நத்தையும் கழன்று விழும். மீன் சுழன்று சுழன்று நீந்தினால், உடம்பு வெட்டி இழுத்தால், பூச்சிமருந்து கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அந்தச் சந்தேகமும் இங்கே உண்டு. குளத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கலவையை அடித்திருக்கிறார், கொண்டுவந்த கேனில் லேபிள் கிடையாது. வீடுகளில் கரப்பானுக்கும் எறும்புக்கும் அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். குளத்து ஓரத்தில் அடித்தாலும் அடுத்த மழையில் வழிந்து உள்ளே வந்துவிடும். முறையான பூச்சிமருந்துக் கேனில் பதிவு எண், மருந்தின் பெயர், சாய்சதுரத்துக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில் நச்சுக் குறி, மாற்று மருந்துக் குறிப்பு எல்லாம் இருக்கும். லேபிள் இல்லாத கேனோடு வருகிறவரைக் கேட்டுக்கு உள்ளேயே விடவேண்டாம்.

மீயொலிக் கருவியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தவளைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது. சீனாவிலும் போர்னியோவிலும் இரைச்சலான ஓடைகளில் வாழும் ஒருசில இனங்கள்தான் விதிவிலக்கு. 3,500 ரூபாய் தண்டம்.

"தலைப்பிரட்டை தின்னும் மீன்" விஷயம் அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. கொடுத்தவை ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகள். நாலு ஜோடி மீசை, தலையை ஒட்டித் தொடங்கி வால் வரைக்கும் ஓடும் முதுகுத் துடுப்பு, சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக உடம்பு. நம் நாட்டில் இந்த மீனை வளர்க்கத் தடை இருக்கிறது. சில மாதத்தில் ஒரு அடிக்கு வளர்ந்து தங்கமீன்களை முழுங்கிவிடும், காற்றையும் சுவாசிக்கும் என்பதால் மழையில் குளம் வழிந்தால் சாக்கடை வழியாகவே ஏரிக்குப் போய்ச் சேரும். உங்களிடம் இருந்தால் தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள், மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த வீட்டில் இருந்தவை சொறித்தவளையின் தலைப்பிரட்டைகள். சிறிசாக, மைக்கறுப்பாக, கூட்டமாகத் திரிபவை. அவற்றின் உடம்பிலேயே கசப்பு நஞ்சு உண்டு, பெரும்பாலான மீன்கள் வாயில் வைத்ததும் துப்பிவிடும். எந்த மீனை விட்டாலும் அவை குறையாது. குளத்தில் கோயி இருந்தும் தலைப்பிரட்டை பெருகியதே அதற்குச் சாட்சி.

கடைசியாகக் குளம் கழுவியது. பிளீச்சிங் பவுடரால் தேய்த்து, அன்றைக்கே குழாய்த் தண்ணீரை முழுக்க நிரப்பி, உயிரோடு இருந்த நாலு மீனையும் உள்ளே விட்டிருக்கிறார்கள். குளோரின் செவுளை எரிக்கும். அதோடு ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியா முழுவதும் அழிந்துபோகும், அது திரும்ப உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீர் மாற்றும்போது ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் ஏரேட்டர் ஓட்டி வைத்திருந்து விடுங்கள், அல்லது ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட் என்ற, குளோரினை முறிக்கும் உப்பு) கரைத்து விடுங்கள். ஒரு பங்கு குளோரினை முறிக்க ஏழு பங்கு ஹைப்போ என்பது கணக்கு, குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் அளவைக் கூட்டவேண்டும்.

இனி, காசு கொடுக்காமல் செய்யக்கூடியது.

தவளையைக் கட்டுப்படுத்தும் வேலை மழை பெய்த மறுநாள் காலை ஆறு மணிக்கு நடக்கிற வேலை. இரவில் சத்தம் கேட்டதா, விடிந்ததும் குளத்தைச் சுற்றி வாருங்கள். சொறித்தவளையின் முட்டை கறுப்பு மணி கோத்த கண்ணாடிக் கயிறு போல அல்லித் தண்டில் சுற்றிக்கிடக்கும். ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தால் முழுச் சரமும் வந்துவிடும். ஒரு சரத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும், ஆகவே அந்தப் பத்து நிமிடம் பிறகு வரப்போகும் ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். வெயில் காலச் சூட்டில் ஒன்றிரண்டு நாளிலேயே பொரித்துவிடும், எனவே "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். தண்ணீருக்கு மேலே சுவரிலோ கிளையிலோ வெள்ளை நுரைக் கட்டி ஒட்டியிருந்தால் அது மரத்தவளையின் கூடு. கிளையோடு வெட்டி, தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மேலே கட்டிவிடுங்கள்.

தப்பிப் பொரித்தவை முதல் ஒன்றிரண்டு நாள் அந்த வழவழப்பிலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், மெல்லிய வலையால் அள்ள அதுவே நேரம். பரவிய பிறகு பொறி வைக்கவேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகுங்கள், புனல் மாதிரி. உள்ளே ஒரு பிடி வேகவைத்த கீரை. ஆழம் குறைந்த ஓரத்தில், பாட்டிலைப் படுக்கவைத்து, மேல்பக்கம் இரண்டு விரல் உயரம் காற்று இருக்கும்படி கல்லால் நிறுத்துங்கள். காற்று இடம் விடாவிட்டால் வளர்ந்த தலைப்பிரட்டைகள் உள்ளேயே மூச்சுமுட்டிச் செத்து, அதே அம்மோனியாவை உங்கள் குளத்தில்தான் கலக்கும். மாலையில் வைத்துக் காலையில் எடுங்கள். இந்த அளவுக் குளத்துக்கு நாலைந்து பாட்டில் போதும்.

பம்பு உறிஞ்சும் வாயில் வெறும் கொசுவலையைக் கட்டினால் தலைப்பிரட்டை அப்பி அடைத்து மோட்டார் சூடாகும். பம்பை ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைக்குள் வைத்து, கூடை முழுவதையும் வலையால் சுற்றுங்கள். பரப்பு கூடினால் இழுப்பு குறையும், எதுவும் ஒட்டாது.

வேலி வேண்டும் என்றால் மழை மாதங்களில் மட்டும் போட்டால் போதும். மூன்றடி உயரம், மேல் ஓரம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும், அடி ஓரம் நாலு அங்குலம் மண்ணுக்குள். நாலடிக்கு ஒரு குழாய்க் கம்பம் நட்டு விறைப்பாகக் கட்டுங்கள். பச்சை ஷேட் நெட் நல்லது. தொளதொளவென்ற நைலான் மீன்வலை கட்டாதீர்கள், சாரையும் தண்ணீர்ப் பாம்பும் அதில் சிக்கி அறுபட்டுச் சாகும். மரத்தவளை வேலியில் ஏறிவிடும், அதற்கு மேல்வலைதான் வழி. குளத்து விளக்கை இரவில் அணைத்துவையுங்கள், பூச்சி கூடுவதால்தான் தவளை கூடுகிறது.

ஒரு நூறு தலைப்பிரட்டை மிஞ்சிப்போனால் பதற வேண்டாம். பாசியை மேய்ந்துவிட்டு ஐந்தாறு வாரத்தில் காலும் கையும் முளைத்துக் கரையேறிப் போய்விடும். ஏறிப்போக ஒரு சாய்ந்த பலகை வையுங்கள், அந்த வாரம் வேலியின் ஒரு பக்கத்தைத் திறந்துவிடுங்கள். உண்மையிலேயே கவனிக்கவேண்டியவை இரண்டுதான். பெரிய தவளைகள் சிறு மீனைப் பிடித்துத் தின்னும். இணை கிடைக்காத ஆண் சொறித்தவளை சில சமயம் கோயியின் தலையைக் கட்டிப்பிடித்துச் செவுளை அடைத்துவிடும், கையுறை போட்டு மெதுவாக விலக்கிவிடுங்கள். பிடித்தவற்றைத் தொலைவான ஏரிக்கு எடுத்துப்போகாதீர்கள். குளத்து நோய்க்கிருமியும் அதே வாளியில் போகும். பக்கத்திலேயே மீன் இல்லாத மழைக்குட்டையில் விடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்களுக்கு. மீதி மருந்து, கேன், பில், போனில் வந்த செய்தி எதையும் தூக்கிப்போடாதீர்கள். தண்ணீரைத் தாமிரச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டரும், பூச்சிமருந்துச் சோதனைக்குக் கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டரும் அன்றே பிடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். செத்த மீன் இரண்டை அலுமினியத் தாளில் சுற்றி ஃபிரீசரில் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் திரும்ப வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. லேபிள் இல்லாத மருந்து பற்றி வேளாண்மைத் துறையிலும் எழுதிக்கொடுங்கள்.

குளத்தில் உடனே புது மீன் விடாதீர்கள். தாமிரம் சேற்றிலும் சிமென்ட்டிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும். அடிச்சேற்றை வழித்தெடுத்து, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு இரண்டு வாரம் ஓட்டுங்கள். பிறகு நாலைந்து குளத்து நத்தைகளை விட்டுப் பாருங்கள். தாமிரம் துளி இருந்தாலும் நத்தை நகராமல் சுருண்டுகொள்ளும். நாலு நாளும் சுவரில் ஊர்ந்து பாசி மேய்ந்தால், அதன் பிறகு இரண்டு சிறு மீனை மட்டும் விட்டுத் தொடங்குங்கள்.