வங்கக் கடல் வெயில் டேட்டா: ஈஆர்ஏ5-ஆ, செரெஸ்-ஆ, மிதவையா?

கடல் மேல எவ்ளோ வெயில் விழுதுன்னு பார்க்க எந்த டேட்டா எடுக்கலாம்னு ஜூனியர்ஸ் கேட்டுட்டே இருக்காங்க. என் ப்ராஜெக்ட்டுக்கு நான் செரெஸ்தான் (நாசாவோட சாட்டிலைட் டேட்டா) எடுத்தேன், இப்பவும் என் ஓட்டு அதுக்குத்தான்.

ஈஆர்ஏ5-ங்கிறது ஐரோப்பிய வானிலை மையம் பழைய அளவீடுகளை கம்ப்யூட்டர் மாடல்ல போட்டு உருவாக்குன டேட்டா. அது கால் டிகிரி கட்டம், மணிக்கு மணி, 1940-ல இருந்து இருக்கு. செரெஸ் 1 டிகிரி கட்டம், 2000 மார்ச்ல இருந்துதான். இவ்ளோ மட்டும் பார்த்தா ஈஆர்ஏ5-தான் ஜெயிக்கும்.

ஆனா கடல்ல வெயில் கணக்கையே தீர்மானிக்கிறது மேகம்ங்க. கடல் தண்ணி தன் மேல விழற வெளிச்சத்துல சுமார் 6 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், அடர்த்தியான மேகம்னா பாதிக்கு மேல வெளிச்சத்தை மேலயே திருப்பிடும். ஜூலை மதியம் பெசன்ட் நகர் மணல்ல கால் வைக்க முடியாது, அதே நேரத்துல வடக்கு வங்கக் கடல் மேகம் மூடிக் கிடக்கும். ஏப்ரல்ல அங்க ஒரு நாள் சராசரி சதுர மீட்டருக்கு 250 வாட் தாண்டும், பருவமழை வலுக்குற நாள்ல 100-க்கும் கீழ இறங்கிடும்.

ஈஆர்ஏ5 அந்த மேகத்தைப் பார்த்து எழுதுறதில்ல. காத்து, வெப்பம், ஈரப்பதம் அளவீடெல்லாம் உள்ள போகும், அதுல இருந்து மாடலே மேகத்தை உருவாக்கி அதுக்கு அடியில வெயிலைக் கணக்கு பண்ணும். மாடல் மேகம் நிஜ மேகத்தை விட்டு கொஞ்சம் தள்ளி நின்னாலே போச்சு, 100 வாட் தப்பா போனா மேல் 20 மீட்டர் தண்ணில ஒரு நாளைக்கு 0.1 டிகிரி வித்தியாசம் வரும், அது பத்து நாள் தொடர்ந்தா 1 டிகிரி. மேகம் திரள 28 டிகிரி கிட்ட கடல் சூடு வேணும்னு பருவமழை ஆராய்ச்சியாளர் சுலோச்சனா காட்கில் குழு 1984-லயே காட்டியிருக்காங்க, அந்த எல்லைக்குப் பக்கத்துல 1 டிகிரி சின்ன விஷயமே இல்ல.

செரெஸ்ல மேகம் நிஜமா பார்த்த மேகம். டெர்ரா, அக்வா மாதிரி சாட்டிலைட்ல இருக்குற மோடிஸ் மாதிரி கேமராவுல இருந்து வருது, இடைப்பட்ட நேரத்தை புவிநிலை சாட்டிலைட் (பூமியில ஒரே இடத்துக்கு மேலயே நிக்குறது) வெச்சு நிரப்புறாங்க. கடல் மட்டத்துல வர்ற நம்பர் இதுலயும் கணக்கு போட்டதுதான், நேரடி அளவீடு இல்ல, ஆனா ஆரம்பப் புள்ளி உண்மையான மேகம். சென்னைக் கரையை ஒட்டின கட்டத்துல நிலமும் கலந்துடும், அங்க மட்டும் நம்பாதீங்க.

மிதவைதான் நேரடி அளவீடு. 15 டிகிரி வடக்கு, 90 டிகிரி கிழக்குல ராமாங்கிற சர்வதேச மிதவை வரிசையோட மிதவை ஒண்ணு இருக்கு, நம்ம பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் (என்ஐஓடி) மிதவை போடுறாங்க. ஆனா சென்சார் கண்ணாடில உப்பு படியும், பறவை எச்சம் விழும், துடைக்க கப்பல் போகணும், அதனால டேட்டால இடைவெளி வரும். ஒரே புள்ளி வேற. நான் செரெஸை சரிபார்க்க மட்டும் வெச்சுக்கிட்டேன்.

82 டிகிரி கிழக்குல வெச்சிருந்த இன்சாட்-3டி-ங்கிற இந்திய வானிலை சாட்டிலைட் அரை மணிக்கு ஒரு படம் தந்துச்சு, மதிய இடி மேகத்துக்கு அந்த டேட்டா நல்லா இருக்கும்னு தோணுது, ஆனா நான் கொஞ்சமாத்தான் பார்த்திருக்கேன், அடிச்சு சொல்ல மாட்டேன்.

2000-க்கு முன்னாடி வருஷங்கள் வேணும்னா ஈஆர்ஏ5-க்குத்தான் போகணும். அப்ப அது தர்றது ஒரு மணி நேரத்துக்குச் சேர்ந்த ஜூல், 3600-ஆல வகுத்தாதான் வாட் வரும், நேரமும் கிரீன்விச் நேரம், அஞ்சரை மணி கூட்டிட்டு அப்புறமா நாள் சராசரி எடுங்க.