அலைச்சறுக்கு கற்கப் போய் 11,400 ரூபாய் போனது: திருவனந்தபுரம் கோவளம் பக்கம் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

இன்று காலை கடையைத் திறக்கும்போதே கைப்பேசியில் அதே விளம்பரம்: "மூன்றே நாளில் அலைமேல் நில்லுங்கள்." இப்போது ஜூலைக்கு ஆள் சேர்க்கிறார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததிலிருந்து என் அக்காள் மகனுக்குப் பலகைப் பித்து. "சித்தி, ஒரு நாளாவது அதில் நிற்க வேண்டும்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஆசைதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. சுற்றுலா வகுப்புகள் விற்கும் ஒரு முன்பதிவுத் தளத்தில் தேடினேன். இரண்டு பேருக்கு மூன்று நாள் வகுப்பு, 13,000 ரூபாய். பெயரும் எண்ணும் கொடுத்துவிட்டு, யோசிக்கலாம் என்று மூடிவைத்தேன்.

பத்தே நிமிடத்தில் பயிற்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. மலையாளத்தில் தொடங்கியவன், நான் ஊர் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினான். "அக்கா, நான் குழித்துறைதான்" என்றான், எங்களுக்குப் பக்கத்து ஊர். எங்கள் ஊர்த் தமிழேதான், ஒட்டவைத்த தமிழ் அல்ல. பாலத்தைச் சொன்னான், ஆற்றைச் சொன்னான், "ஆடி அமாவாசைக்கு வாவுபலிப் பொருட்காட்சி பார்க்க வரும்போது உங்கள் கடைக்கு வருகிறேன்" என்றான். நான் உருகிப்போனேன். தளத்தின் வழியாகக் கட்டினால் தரகு போய்விடும், நேராக என் எண்ணுக்கு அனுப்பினால் 11,400 போதும் என்றான். நம்ம ஊர்ப் பையன் நமக்காகக் குறைத்துத் தருகிறான் என்று நினைத்து, பேசி முடிப்பதற்குள் அனுப்பிவிட்டேன். எண் யார் பெயரில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

வகுப்பு ஜூன் முதல் வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. இதில் என் புத்தியையும் சொல்ல வேண்டும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, எப்போது என்று தெரியாதவளா நான்? மே முடிவதற்குள் ஓடு மாற்றி வைக்கிற வீட்டில் பிறந்தவள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனபோது, கள்ளக்கடலைப் பற்றி, அதாவது முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று எழும் பேரலையைப் பற்றி, இரண்டு நாள் கடையில் பேசியவள். கேட்டேன்தான். "கரையோர நுரையில்தான் அக்கா வகுப்பு, மழைக்காலம் நல்லது" என்றான். ஊர்க்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குப் பாலராமபுரம் வழியாக ஸ்கூட்டரில் போனோம். கோவளத்தின் கலங்கரை விளக்கக் கடற்கரையில் சிவப்புக் கொடி. ஏழு மணிக்கு இருபது வயதுகூட ஆகாத ஒருவன் இரண்டு பலகைகளோடு வந்தான். நீச்சல் தெரியுமா என்று கேட்கவில்லை. மணலில் படுத்து எழுந்து நிற்கும் பயிற்சியை முதலில் செய்ய வேண்டும், விழும்போது தலைகுப்புற விழாமல் தட்டையாக விழ வேண்டும், மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொள்ள வேண்டும், கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்த வேண்டும். இதையெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு நானே தேடிப் படித்தேன். புதியவர்களுக்கு மேற்புறம் மெத்தென்று இருக்கும் எட்டு, ஒன்பது அடிப் பலகைதான் தருவார்களாம். எங்களுக்குக் கிடைத்தது கல் போன்ற குட்டைப் பலகை. கணுக்காலில் கட்டும் கயிற்றின் ஒட்டுப்பட்டை தேய்ந்து நார் நாராக இருந்தது.

மூன்றாவது அலையில் பட்டை பிய்ந்தது. திரும்பி வந்த பலகையின் அடித்துடுப்பு பையனின் ஆடுசதையைக் கிழித்தது. உயிர்காப்பாளர் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றினார். மொத்தம் இருபது நிமிடம். ஐந்து தையல். நான் துணியைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டிருக்க, பலகைக்காரன் துடுப்பைத் தூக்கிப் பார்த்து, "சேச்சி, இது உடைந்திருக்கிறது, 1,500 ரூபாய் ஆகும்" என்றான். அடிக்காமல் வந்தது என் பொறுமை.

மறுநாள் குழித்துறைக்காரனை அழைத்தேன். கடல் சரியில்லை, வகுப்பு ரத்து, இயற்கைக் காரணத்துக்குப் பணம் திரும்பாது என்று விதி இருக்கிறது என்றான். மழைக்காலத்தில் விற்று மழையைக் காரணம் காட்டுவதுதான் இவர்கள் தொழிலே. சரி, பேசிப் பார்க்கலாம் என்றால், திங்கட்கிழமை மேலாளர் கூட்டத்தில் இருந்தார். செவ்வாய்க்கிழமையும் அதே கூட்டம். புதன்கிழமை "ஏழு வேலை நாட்கள்". தளத்துக்கு எழுதினேன். எங்களிடம் உங்கள் பெயரில் முன்பதிவே இல்லை என்று பதில் வந்தது, கீழேயே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. பயிற்சி நிலையத்தின் இன்னொரு எண்ணில் கேட்டால், அப்படி ஒருவர் இங்கே வேலை பார்க்கவில்லையாம். அப்படியானால் பலகை எங்கிருந்து வந்தது?

கடைசியாக வேறு எண்ணிலிருந்து அவனைப் பிடித்தேன். குரல் கேட்டதும் "தமிழ் அறியில்லா" என்று சொல்லி வைத்துவிட்டான். 11,400 ரூபாயைவிட அந்த இரண்டு வார்த்தைதான் இன்னும் எரிகிறது. வாவுபலிக்கு வருகிறேன் என்றவன்!

என் கடையில் ஒரு பக்கம் இரண்டு ரூபாய். 11,400 ரூபாய் என்றால் 5,700 பக்கம். நின்றுகொண்டே எடுத்த பக்கங்கள்.

விவரமாக அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், கடையில் ஆள் வந்துவிட்டது. தளத்தில் பார்த்ததற்குத் தளத்திலேயே பணம் கட்டுங்கள், தனி எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் யார் வகுப்பு விற்றாலும் வேண்டாம். பலகையையும் கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். சிவப்புக் கொடி இருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். ஏமாந்தால் என்னைப்போல் ஏழு வேலை நாட்கள் காத்திராமல் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் இன்றுதான் பதிந்தேன். 11,400 ரூபாய் வந்தால் சொல்கிறேன். நாளை பையனுக்குத் தையல் பிரிக்க வேண்டும், கடை மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.