கிண்டில் அன்லிமிடெட் சந்தா: நாவல் படிக்கிறவங்களுக்கு சரிப்படுமா?

கிண்டில் அன்லிமிடெட்ங்கறது அமேசானோட மின்னூல் சந்தா, பணம் கட்டினா அதுல இருக்கற புத்தகத்த இரவல் மாதிரி எடுத்துப் படிக்கலாம். நிறைய கதை படிக்கிற ஆளா இருந்தா சந்தா வீண் போகாது. ஒரே நேரத்துல 20 புத்தகம் வரைக்கும் எடுத்து வச்சுக்கலாம், பிடிக்கலன்னா நாலு பக்கத்துலயே ரிட்டர்ன் பண்ணிட்டு அடுத்தத எடுக்கலாம், காசு போச்சேங்கற வயித்தெரிச்சல் இல்ல. பேரே கேள்விப்படாத எழுத்தாளர எடுத்துப் பாக்கற தைரியம் இதனாலதான் வருது. க்ரைம், காதல், பேய்க்கதை பிரியர்களுக்குக் கொண்டாட்டம்.

நாவல் செத்துப்போச்சுன்னு பேசறவங்க ஒருதடவ உள்ள வந்து பாக்கணும். சாகறதாவது, ஊதிப்போய்க் கிடக்கு! எழுத்தாளருக்குக் காசு எப்படிப் போகுதுன்னு பாத்தா காரணம் புரியும். 2014ல ஆரம்பிச்சப்ப வாசகர் 10 சதவீதம் தாண்டினாலே ஒரு முழுப் புத்தகக் கணக்கு, அதாவது முப்பது பக்கத்துல மூணு பக்கம் புரட்டினாலே போதும், விடுவாங்களா, கதைய துண்டு துண்டா வெட்டிப் போட ஆரம்பிச்சாங்க. 2015 ஜூலைல படிச்ச பக்கத்துக்குத்தான் காசுன்னு மாத்தினதும் அப்படியே தலைகீழ், பக்கத்தை ஏத்தறது, அஞ்சு பாகம் ஆறு பாகம்னு இழுக்கறது, ஒவ்வொரு பாகம் முடிவுலயும் ஒரு திருப்பத்துல தொங்கவிடறது. சிலர் புத்தகத்தோட ஆரம்பத்துலயே கடைசிப் பக்கத்துக்குத் தாவற லிங்க் வச்சு முழுசா படிச்ச மாதிரி கணக்கு காட்டின கூத்தும் நடந்துது. அப்புறம்தான் ஒரு வாசகர் ஒரு புத்தகத்துக்கு 3000 பக்கம் வரைக்கும்தான் கணக்குன்னு வரம்பு வந்துச்சு.

இதெல்லாம் இந்தக் காலத்துக் கேடுன்னு நினைக்க வேணாம். 19ம் நூற்றாண்டு இங்கிலாந்துல ம்யூடியோட சந்தா நூலகம் இருந்துச்சு, மூணு வால்யூம் நாவல்தான் அவங்களுக்குத் தோது, ஏன்னா ஒரே கதைய ஒரே நேரத்துல மூணு பேர் கையில குடுக்கலாம்ல. அதுக்காகவே வளவளன்னு இழுத்து எழுதினாங்க. 1894ல நூலகங்களே இனிமே இவ்வளவு விலை தரமாட்டோம்னதும் கொஞ்ச வருஷத்துல அந்த வடிவமே காணாமப் போச்சு, நாவல் மட்டும் ஒல்லியாகி ஜோரா நடந்துது. அதனால எனக்கு நாவலப் பத்தி பெரிய கவலை இல்ல. நூத்தி இருபது பக்கத்துல நிதானமா எழுதறவங்களப் பத்திதான் கவலை. ரெண்டு தடவ மூணு தடவ திரும்பப் படிக்கிற மாதிரி எழுதினாலும் பக்கக் கணக்கு முதல் தடவைக்கு மட்டும்தான்.

இன்னொரு குறை, எழுத்தாளர் தானே வெளியிட்டு சந்தாவுல சேக்கற மின்னூல 90 நாளைக்கு வேற எங்கயும் விக்கக்கூடாதுன்னு ஒப்பந்தம், பெரிய பதிப்பகங்களோட புது நாவலும் இங்க அபூர்வம். பரிசு வாங்கின புத்தகத்தத் தேடி சந்தா போடாதீங்க. ஏஐ வச்சு எழுதித் தள்ற குப்பை வேற. 2023 செப்டம்பர்ல ஒரு ஆள் ஒரு நாளைக்கு 3 புது புத்தகத்துக்கு மேல போடக்கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க, ஒரு நாளைக்கு மூணு நாவல், இதுக்குப் பேரு கட்டுப்பாடாம்!

தேடற இடத்துல தொடர் இல்லாத தனி நாவல், இருநூறு பக்கத்துக்குள்ளன்னு ஒரு ஃபில்டர் குடுத்தா நட்சத்திரம் நாலாக்கறேன், இப்போதைக்கு மூணுதான்.