ஆள்கடத்தல் உதவி எண் 0800 222 777: டர்பனிலிருந்து ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆள்கடத்தல் உதவி எண்ணான 0800 222 777, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது. ஏ21 என்னும் தொண்டு நிறுவனம் அதை நடத்துகிறது. காவல் நிலையத்துக்கு நேரே போக அஞ்சுபவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால் பாதிக்கப்பட்டவரைவிட, அவருக்குப் பக்கத்திலிருந்து சந்தேகப்படும் நம்மைப் போன்றவர்களுக்கே இச்சேவை அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயிலுக்கு வந்துபோன ஒரு சமையற்காரருக்காக நான் அந்த எண்ணை அழைத்தேன். தமிழ்நாட்டிலிருந்து உணவக வேலைக்கு அழைத்துவரப்பட்டவர் அவர். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. விமானச் செலவும் விசாச் செலவும் கடனாக எழுதப்பட்டு, சம்பளம் மாதந்தோறும் அதிலேயே கழிந்தது. "கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார், இதில் கடத்தல் எங்கே இருக்கிறது?" என்று கோயில் குழுவின் பெரியவர்கள் கேட்டார்கள்.

மறுமுனையில் பேசிய பெண்மணி என் பெயரை வற்புறுத்திக் கேட்கவில்லை. சமையற்காரர் இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, வேலையை விட்டால் என்ன ஆகும் என்று யாராவது மிரட்டினார்களா, சொன்ன வேலையும் கொடுத்த வேலையும் ஒன்றுதானா, புகார் செய்ய அவருக்கே விருப்பம் உண்டா என்று நிதானமாகக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்காகவே இச்சேவைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடலாம். நல்லெண்ணத்தோடு தலையிடுபவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. சமையற்காரர் புகார் வேண்டாம், பாஸ்போர்ட்டும் ஊர் திரும்ப வழியும் போதும் என்றார். டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுகும்படி உதவி எண்ணில் எங்களுக்குச் சொன்னார்கள்.

இக்கேள்விகள் சட்டத்திலிருந்து பிறந்தவை. ஐ.நா. 2000-இல் ஏற்றுக்கொண்ட பாலேர்மோ நெறிமுறை ஆள்கடத்தலை மூன்று கூறுகளால் வரையறுக்கிறது: ஆள்சேர்ப்பது, கொண்டுசெல்வது போன்ற செயல்; மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற வழிமுறை; சுரண்டல் என்னும் நோக்கம். அத்தகைய வழிமுறை கையாளப்பட்டிருந்தால் பாதிக்கப்பட்டவர் கொடுத்த சம்மதம் பொருட்டல்ல என்று அது தெளிவாகவே கூறுகிறது. சிறார் விஷயத்தில் வழிமுறையை நிரூபிக்கவும் தேவையில்லை. தென்னாப்பிரிக்கா 2004-இலும் இந்தியா 2011-இலும் இதற்கு ஒப்புறுதி அளித்திருப்பதால், புறப்பட்ட நாடும் வந்துசேர்ந்த நாடும் இதற்குக் கட்டுப்பட்டவை. 2015 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இங்குள்ள 2013-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, கடத்தலுக்கு ஆயுள் தண்டனையோ 10 கோடி ரேண்ட் வரை அபராதமோ விதிக்கலாம். கடனைக் காட்டிக் கொத்தடிமையாக்கினால் 15 ஆண்டு வரையும், கடத்தலுக்குத் துணையாகப் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்தால் 10 ஆண்டு வரையும் சிறை உண்டு. இதைக் கேட்டபின் எங்கள் பெரியவர்கள் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை.

உதவி எண்ணால் செய்ய முடியாதவையும் உண்டு. ஒருவரைப் பாதிக்கப்பட்டவர் என ஏற்று அதற்கான கடிதம் தருவது மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையின் வேலை. விசா காலாவதியானது, போலி ஆவணம் வைத்திருந்தது ஆகியவை கடத்தலின் நேரடி விளைவு என்றால், அரசு வழக்குத் தொடர்வு இயக்குநரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. காகிதத்தில் இது அருமையான பாதுகாப்பு. ஆனால் அயல்நாட்டவர் மீண்டுவரும் காலத்தில் இங்கே தங்க அனுமதிக்கும் பிரிவுகள், சட்டத்தின் ஏனைய பகுதிகள் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கிடப்பிலேயே இருந்தன. உதவி எண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும், அந்தத் தாமதத்துக்கு நான் ஒன்றும் கொடுக்க மாட்டேன்.

மொழியையும் கவனிக்க வேண்டும். நாட்டின் அரசமைப்புச் சட்டம் 6-ஆம் பிரிவில், மேம்படுத்தி மதிக்க வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆயினும் அது ஆட்சிமொழி அன்று. ஆகவே தமிழ் மட்டும் தெரிந்தவருக்காக அழைக்கும்போது, இரு மொழியும் அறிந்த, முதலாளியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்து என்றால் முதலில் 10111-இல் காவல்துறையை அழையுங்கள்.