கானாவின் செடியும் பக்கத்து நாட்டு பிராங்கும்
ஒரு நாட்டுக்குச் சொந்தப் பணம் நல்லதா, வெளிப் பணத்தோடு கட்டிப்போட்ட பொதுப் பணம் நல்லதா? செடி என்றதும் தோட்டத்தை நினைக்க வேண்டாம், அது கானாவின் பணம். கானாவில் பேசும் அகான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மாலத்தீவுக் கடலில் அள்ளிய சோழிகள் ஒருகாலத்தில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் காசாகவே புழங்கின. 1965இல் பவுண்டைக் கைவிட்ட கானா, தன் பணத்துக்கு அந்தப் பெயரையே வைத்தது. சொந்தப் பணம், சொந்தத் தலைவலி: விலைவாசி ஏறி ஏறி, 2007இல் 10,000 பழைய செடி கொடுத்தால் கைக்கு வந்தது ஒரே ஒரு புதுச் செடி! ஆனாலும் என் ஓட்டு சொந்தப் பணத்துக்குத்தான்.

எல்லை தாண்டினால் ஐவரி கோஸ்ட்டில் புழங்குவது சிஎஃப்ஏ பிராங்க்: பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக 1945இல் உருவாக்கிய, பல நாடுகளுக்குப் பொதுவான பணம். இன்று ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போட்ட விகிதம். விலைவாசி அவ்வளவாகத் துள்ளாது. ஆனால் கடிவாளம் முழுதாகத் தன் கையில் இல்லை. 1994 ஜனவரியில் பிரெஞ்சு பிராங்குக்கு எதிரான மதிப்பு ஒரே அடியில் பாதியானது. இறக்குமதிச் சாமான்களின் விலை எகிறியது.