பாடசாலையா, சனசமூக நிலையமா? யாழ்ப்பாணக் கிராமத்தில் படிப்பிக்க வருபவர்களுக்கு

கனடாவிலும் லண்டனிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர், வேலைக்குப் போவதற்கு முன் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆங்கிலம் படிப்பிக்க விரும்புகிறார்கள். பாடசாலையிலா, ஊரவர்கள் கூடிப் பத்திரிகை வாசிக்கும் சனசமூக நிலையத்திலா? ஊருக்குள் தங்குவதா, ரவுணில் அறை எடுப்பதா? மூன்று வாரம் போதுமா, ஒரு தவணை வேண்டுமா? எங்கள் ஊர் சனசமூக நிலையத்தின் மாலை வகுப்புகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் என் விருப்பத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: சனசமூக நிலையம், ஊருக்குள், ஒரு தவணை.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். அரச பாடசாலை என்றால் அதிபர் சம்மதித்தால் மட்டும் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள். உங்கள் ஊர் எதற்குள் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். பாடசாலையின் பெரிய பலம், ஊரின் எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள் என்பது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் உங்கள் முன் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அங்கே பரீட்சைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தரம் 5இல் புலமைப்பரிசில், தரம் 11இல் சாதாரண தரம். இத்தனை வருடம் ஆங்கிலம் படித்தும் பேசச் சொன்னால் தலைகுனிகிற பிள்ளைகள் ஏராளம், ஏனென்றால் எழுத்துப் பரீட்சைக்குப் பேச்சு தேவைப்படுவதில்லை. வெளியிலிருந்து வருபவர் கொடுக்கக்கூடியதோ பேச்சுப் பழக்கம். குறுகிய பாடவேளையில், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்துக்கு நடுவில், அதற்கு இடம் குறைவு. லீவில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள உங்களை அனுப்பவும் கூடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து வகுப்பைத் தன் கையில் எடுத்தால், ஏற்கெனவே அங்கே இருக்கும் ஆங்கில ரீச்சர் பிள்ளைகள் கண்ணில் இரண்டாம் ஆளாகிவிடுவார். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது அவர்தான். அதனால் பாடசாலைக்குப் போவதென்றால் அவருக்கு உதவியாளராகப் போங்கள்.

சனசமூக நிலையத்தில் இந்த இறுக்கம் இல்லை. பத்திரிகை வாசிக்கும் பெரியவர்கள், பக்கத்து மைதானத்தில் பந்தடிக்கும் பெடியள், நடுவில் ஒரு வாங்கில் உங்கள் வகுப்பு. பிள்ளைகள் பாடசாலை முடிந்து, சிலர் ரியூட்டரிக்கும் போய்வந்து, பின்னேரம் 5 மணிக்கு வருவார்கள். கணிதம், விஞ்ஞானத்துக்குக் காசு கட்டுகிற வீடுகள்கூட ஆங்கிலப் பேச்சுக்குக் கட்டுவது குறைவு. இங்கே யாரும் புள்ளி போடுவதில்லை என்பதால் பிழையாகப் பேசப் பயமில்லை. உங்கள் தமிழ் தடுமாறினால் அதுவும் நல்லதுதான்: வளர்ந்த ஒருவர் தங்கள் முன்னால் சொல் தேடித் திணறுவதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் தடுமாற்றம் வெட்கமாகத் தெரியாது.

குறைகளும் உண்டு. கோயில் திருவிழா வந்தால் வகுப்பு காலி. தரம் 4 பிள்ளையும் தரம் 10 பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும். மம்மல் பொழுதுக்கு, அதாவது இருட்டுவதற்கு முன் பெண்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அதனால் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கொப்பியும் வெண்கட்டியும் நீங்களே வாங்கவேண்டி வரலாம்.

தங்குமிடம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரவுணில் குளிரூட்டிய அறையும் நல்ல இணைய வசதியும் கிடைக்கும். ஆனால் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்குப் பின்னேர வகுப்பு சரிவராது. ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கினால் கிணற்றடியில், கடையில், சைக்கிளில் போகும் வழியில் எல்லாம் பிள்ளைகள் உங்களோடு ஆங்கிலம் பேசிப் பார்ப்பார்கள். காலையில் புட்டும் சொதியும் தருகிற வீட்டுக்குச் சாப்பாட்டுக் காசைக் கட்டாயம் கொடுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், விடாதீர்கள்.

கால அளவுதான் மிக முக்கியம். பலர் நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து ஆகஸ்டில் மூன்று வாரம் வருகிறார்கள். அப்போது தவணை விடுமுறையும் குறுக்கிடும். முதல் வாரம் பெயர் பழகுவதிலும் கடைசி வாரம் பிரியாவிடையிலும் போய்விடும். இந்த மண்ணுக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் புதிதல்ல. அமெரிக்க மிசனைச் சேர்ந்த எலைசா அக்னியூ 1840இல் உடுவில் பெண்கள் பாடசாலைக்கு வந்து, 1883இல் மானிப்பாயில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. அவர்கள் சமயம் பரப்ப வந்தவர்கள், அந்த விவாதம் வேறு. ஆனால் தங்கியிருந்ததால்தான் அவர்களின் படிப்பிப்பு வேர்விட்டது. உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை, ஒரு தவணை, மூன்று மாதம்.

எந்த ஊர்? பலருக்கு நெடுந்தீவு ஆசை: குதிரைகள், கடற்கல் வேலிகள், கடல். ஆங்கில ஆசிரியருக்குத் தேவை அங்கே அதிகம் என்பதும் உண்மை. ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரப் படகு. சோளகக் காற்று வீசும் காலத்திலும் மாரியிலும் கடல் குழம்பினால் போக்குவரத்து தடைப்படும், நல்ல தண்ணீரும் அருமை. முதல்முறை வருபவருக்கு வடமராட்சி அல்லது வலிகாமத்தில் ஒரு கிராமத்தைத்தான் சொல்வேன். அங்கே ஒரு தவணை தாக்குப்பிடித்தவர் அடுத்த முறை தீவுக்குப் போகலாம்.

சரி, விசா. இலங்கைச் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் இடமில்லை. பாடசாலையானாலும் சனசமூக நிலையமானாலும் இது ஒன்றுதான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குச் சிக்கலில்லை, மற்றவர்கள் அழைக்கும் அமைப்பின் வழியாக உரிய விசா எடுத்துத்தான் வரவேண்டும். நீங்கள் வசிக்கும் நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழையும் யாரும் கேட்காமலே கொண்டுவாருங்கள். பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் படிப்பிக்க வேண்டாம், அவர்கள் படங்களை முகநூலில் போடவும் வேண்டாம். மழை ஓய்ந்து பொங்கல் முடிந்த தை, மாசி, பங்குனி மாதங்கள் வகுப்புக்கு மிக நல்லவை. அதற்கு ஆவணியிலேயே நிலையத்தின் செயலாளருக்கு எழுதிவிடுங்கள், கடிதங்களுக்கும் அனுமதிக்கும் அவ்வளவு காலம் பிடிக்கும்.